செவ்வாயின் வானமும் தஞ்சையின் கல்லெழுத்தும்

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 என்னும் அளவைத் தொட்டது. அதற்கு முன் இத்தீவு அத்தகைய எண்ணைக் கண்டதில்லை. சுவா சூ காங்கின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்தோருக்கு அந்த வாரம் இன்றும் நினைவிலிருக்கும். எதிர்ப் புளோக்கு கண்ணுக்கு மறைந்தது; சன்னலைச் சாத்தினாலும் எரிந்த மண்ணின் நெடி உள்ளே நுழைந்தது. மாலையில் மேற்கே இறங்கிய கதிரவன் துலக்கிய செப்புத் தட்டைப் போல் தோன்றியது. நாம் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தோம். படத்தில் செம்பு இல்லை. சாம்பல் நிற வானில் வெளிறிய புள்ளி ஒன்று மட்டுமே இருந்தது. கருவி நிறத்தைத் தானாகவே திருத்திவிட்டது. ஒளியில் மஞ்சள் மிகுந்தால் அதைக் குறைத்து, வெள்ளைப் பொருளை வெள்ளையாகவே காட்டவேண்டும் என்பது அதற்கு முன்கூட்டி இடப்பட்ட கட்டளை. கண் கண்டது ஒன்று, கருவி காட்டியது வேறொன்று.

ஆறாண்டுகள் கழித்து, 2019 செப்டம்பர் 21ஆம் நாள், சுமத்திராவின் ஜாம்பி மாநிலத்தில் நண்பகல் வானமே குருதிச் சிவப்பாயிற்று. காட்டுத்தீயின் புகைத்துகள்கள் ஒளியைச் சிதறடித்ததே காரணம் என்று வானிலை அறிஞர்கள் விளக்கினர். அவ்வூர்ப் பெண் ஒருவர் எடுத்து வெளியிட்ட படங்களைக் கண்ட பலர் அவற்றைப் பொய் என்றனர். நிறம் பூசப்பட்டவை என்றனர். தாம் எவ்வகை வண்ணப் பூச்சும் செய்யவில்லை என்று அவர் மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்தது. நம் கைப்பேசி உண்மை நிறத்தை அழித்தபோது எவரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. உண்மை நிறத்தைக் காட்டிய படமோ பொய்யென ஏசப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்வியே இவ்வுரையின் பொருள். இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம், நம்முள் எவரும் சென்றிராத ஓர் இடம்: செவ்வாய்.

செவ்வாய் என்னும் பெயரிலேயே நிறம் இருக்கிறது. வைத்தீசுவரன் கோயிலில் அங்காரகனுக்குச் சிவப்பு ஆடை சாத்துகிறார்கள். அக்கோளுக்குரிய மணி பவளம். எனவே தமிழர் ஒருவர் செவ்வாயின் படத்தைப் பார்க்க அமரும்போது, படம் திறக்கும் முன்பே அவர் மனத்தில் ஒரு நிறம் காத்திருக்கிறது. அங்கு இறங்கிய கலங்கள் தந்த சான்றின்படி, தரையில் நின்று பார்த்தால் அந்த மண் பெரிதும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமே. இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றம் அடைவதை நாம் கண்டிருக்கிறோம்.

1976 ஜூலை 20ஆம் நாள் அமெரிக்காவின் வைக்கிங் 1 செவ்வாயில் தரையிறங்கியது. அதன் ஒளிக்கருவி இன்றைய கைப்பேசியைப் போல ஒரே கணத்தில் காட்சியைப் பற்றுவதன்று. ஆடும் கண்ணாடி ஒன்று நிலப்பரப்பை மேலிருந்து கீழாக ஒரு கோடு வருடும். பிறகு கருவி சற்றே திரும்பும். அடுத்த கோடு வருடும். சுற்றுக்காட்சி, அதாவது பனோரமா, அக்கருவிக்கு இயல்பிலேயே அமைந்த வடிவம். இறங்கிய சில நிமிடங்களிலேயே ஏறத்தாழ 300 பாகை அளவுக்கு அடிவானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டது. மறுநாள் முதல் வண்ணப்படம் வந்தது. மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே பதிவான அளவுகளை எந்த விகிதத்தில் கலப்பது என்று முடிவெடுக்க நேரம் போதவில்லை; உலகின் செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். அவசரமாகக் கலந்து வெளியிட்ட படத்தில் செவ்வாயின் வானம் இளநீலமாக இருந்தது.

கலத்தின் மேற்பரப்பில், நிறம் முன்பே அளந்து குறிக்கப்பட்ட சிறு வண்ண அட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு அளவுகளை மீண்டும் சரிபார்த்தபோது, வானம் நீலமன்று, சற்றே இளஞ்சிவப்புச் சாயலுடையது என்று தெரியவந்தது. அங்குள்ள காற்று நம் காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் எப்போதும் மிதக்கும் இரும்புத்துரு கலந்த நுண்தூசிதான் வானுக்கு நிறம் தருகிறது. புகைமூட்ட நாளில் சுவா சூ காங் வானில் நிகழ்வதும் இதற்கு உறவான செயலே. இத்திருத்தம் அறிவிக்கப்பட்டபோது கூடியிருந்த செய்தியாளர்கள் ஏளனக் குரல் எழுப்பினார்கள். பகையில்லாத, விளையாட்டான ஏளனம்தான். இதை எழுதிவைத்த கார்ல் சேகன், செவ்வாய் இந்த ஒன்றிலாவது பூமியைப்போல் இருக்கவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள் எனக் குறிப்பிடுகிறார். அவசரத்தில் கலந்த நீலம் ஒரு பிழை. அதில் ஏமாற்றும் நோக்கம் எதுவும் இல்லை. ஆயினும் அப்பிழை விரும்பப்பட்டது, திருத்தம் வெறுக்கப்பட்டது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளவேண்டும்.

சுற்றுக்காட்சியின் கதை இதற்கு ஏறத்தாழ 190 ஆண்டுகள் முற்பட்டது; அது வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வட்டக் கூடத்தின் சுவர் முழுவதும் ஒரே ஓவியம். நடுமேடையில் நிற்பவர் எப்பக்கம் திரும்பினாலும் அக்காட்சிக்குள்ளேயே இருப்பார். கட்டணம் கொடுத்து உள்ளே வருபவர் ‘நான் அங்கே இருந்தேன்’ என்ற உணர்வோடு வெளியே செல்லவேண்டும், இதுவே வணிகம். இன்று முகத்தில் கருவியை மாட்டிக்கொண்டு செவ்வாயைச் சுற்றிப் பார்க்கும் சிறுவனுக்கும் தரப்படுவது அதே வாக்குறுதிதான்.

அவ்வாக்குறுதி நம் நிலப்பகுதியைத் தொட்ட முதல் பெரிய நிகழ்ச்சி 1800இல் லண்டனில் நடந்தது. 1799 மே 4ஆம் நாள் ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டினத்தைத் தாக்கிக் கைப்பற்றியது. திப்பு சுல்தான் கோட்டைக்குள்ளேயே வீழ்ந்தார். அவர் குடும்பத்தினர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஓராண்டுக்குள், இருபது வயதைச் சற்றே கடந்த இராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் ஓவியர் அப்போரை 120 அடி நீள ஓவியமாக வரைந்து லைசியம் அரங்கில் காட்டினார். வரைய எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ ஆறு வாரம் என்பார்கள். அவர் அதற்கு முன் இந்தியாவைக் கண்டதில்லை. கண்டவர்களிடம் கேட்டார், சீருடைகளைப் பார்த்தார், படைத்தலைவர்களின் முகச்சாயலைப் பெற்றார். எஞ்சியவற்றைக் கற்பனை நிரப்பியது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். முன்னணியில் ஆங்கிலேய அதிகாரிகள் யார் யார் என்று பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிந்தது. அப்படையில் மதராஸ் மாகாணத்துச் சிப்பாய்களும் பெருந்தொகையினராக இருந்தார்கள். அவர்களை எவரும் பெயர் சொல்லித் தேடவில்லை. பின்னாளில் ஓவியம் தீக்கிரையாயிற்று. அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப் படங்களே எஞ்சின. ஆறு வாரக் கற்பனையின் நகல்கள், போரைப் பற்றிய நூல்களில் இன்றும் சான்றைப் போலப் பதிப்பிக்கப்படுகின்றன என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

அடுத்து வருபவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த இவர், 1856இல் மதராஸ் அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதியில் மாட்டுவண்டிகளில் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எனச் சுற்றிவந்தார். அவர் கையாண்டது மெழுகூட்டிய பெரிய காகித எதிர்ப்படிகள். வெயிலில் மெழுகு உருகும், வேதிப்பொருள் கெடும், நீர் கலங்கலாக இருக்கும். இவ்வளவுக்கும் நடுவே அவர் தந்த மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தஞ்சைப் பெரிய கோயில் படங்கள் தமிழ்நாட்டை ஒளிப்படத்தில் காட்டும் மிகத் தொன்மையான தொகுதிகளுள் அடங்கும். அவற்றை முதன்முதலாகக் காண்பவர் வியப்பது கட்டடங்களை மட்டுமன்று. அவற்றின் மேல் திரண்டு நிற்கும் மென்மையான முகில்களையுமே.

அம்முகில்களில் பல டிரைப் தாமே வரைந்தவை. அக்காலத்து ஒளியுணர் பொருள் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கும். கோபுரத்துக்குத் தேவையான நேரம் கருவியைத் திறந்து வைத்தால் வானம் எரிந்து வெறும் வெள்ளையாகிவிடும். ஆதலால் அவர் எதிர்ப்படியின் மேல் வண்ணக் குழம்பைத் தூரிகையால் தொட்டு முகில்களை எழுப்பினார். மரங்களின் இலைத்தொகுதியையும் சில இடங்களில் சீர்செய்தார். தஞ்சையில் அன்று வானம் எப்படி இருந்தது என்று அப்படங்களிலிருந்து நம்மால் அறிய இயலாது.

அதே டிரைப் அதே தஞ்சையில் 1858இல் வேறொன்றும் செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுற்றுக்காட்சியாக்கினார். லண்டன் பனோரமாவில் பார்ப்பவர் நடுவில் நிற்பார், காட்சி அவரைச் சூழும். இங்கோ காட்சி நடுவில் நிற்கிறது, பார்ப்பவரே அதை வலம் வருகிறார். கோயிலைச் சுற்றிவரும் நம் வழக்கத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! இப்படத்தில் வானத்துக்கு இடமில்லை. முகில் வரைய வாய்ப்பும் இல்லை. பொருத்துகள் தெரிகின்றன. அழகென்று சொல்லத்தக்கது அதில் எதுவுமில்லை. ஒரு வெற்றுச் சுவர், அதில் எழுத்து.

அந்த எழுத்துகள் யாவை என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த கொடைகள். பொன், வெள்ளிக் கலங்களின் எடை. கோயிலுக்கெனக் குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் ஏறத்தாழ 400 பேரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் இருந்தார்கள் என்னும் குறிப்புகள். வானத்தில் ஒரு முகில் கூடினால் எவருக்கும் இழப்பில்லை. இங்கே ஒரு தீற்றல் கூடினால் ஒரு பெண்ணின் பெயர் மாறிவிடும். இன்னொரு தீற்றலில் அவள் ஊர் போய்விடும்.

இக்கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்டது டிரைப்பின் படத்தால் அன்று. 1886இல் மதராஸ் அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற செருமானியர் ஊல்ஷ், மைப்படிகளின் துணையோடு அவற்றைப் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளியிட்டார். மைப்படி எடுக்கும் முறை எளியது. கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றவேண்டும். கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். நிழலும் ஒளியும் அதில் இல்லை. கல்லின் பிளவும் எழுத்தின் கோடும் ஒரே மாதிரி விழும். எது பிளவு, எது கோடு என்று படிப்பவர் தம் பொறுப்பில் முடிவு செய்யவேண்டும். தாள் கல்லைத் தொட்டது என்பதே அதன் தகுதி. டிரைப்பின் பதவியோ நெடுநாள் நிலைக்கவில்லை. 1859இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியன் ஒளிப்படத் துறையை மிகையான செலவெனக் கருதி மூடினார். அழகும் பயனும் ஒரே மனிதரின் கையில் அருகருகே இருந்த ஒரு முயற்சி அத்தோடு நின்றது.

ஒரே மனிதர் ஓரிடத்தில் வரைந்ததும், வேறோரிடத்தில் வரையாமல் விட்டதும் முரண்பாடா? அன்று என்றே நாம் கருதுகிறோம். இதைச் சொல்வதற்குத் தமிழில் நெடுங்காலமாகச் சொற்கள் இருக்கின்றன. தொல்காப்பியம் அகப்பொருளைப் பேசுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டை வேறுபடுத்தி, புலவர்கள் கையாளும் நெறியில் இரண்டும் கலக்கும் என்கிறது. உள்ளது உள்ளபடி ஒன்று. சுவை நோக்கிப் புனைந்தது மற்றொன்று. அணியிலக்கணம் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது: இயல்பை அவ்வாறே கூறுவது தன்மையணி, இயல்பாக நிகழ்வதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. கோவலன் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. வரவேண்டாம் என்று அவை கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் பாடுகிறார். இதை நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். கொடி அசைந்தது நிகழ்ச்சி; தடுத்தது ஏற்றம். இரண்டையும் பிரிக்கத் தெரிந்தே படிப்பதால் எவரும் ஏமாறுவதில்லை. பிரிக்கத் தெரிந்ததனாலேயே சுவையும் கூடுகிறது. கவிதையில் இவ்வேறுபாட்டைச் சுட்டும் மரபு இருக்கிறது. படத்தில் அது இன்னும் உருவாகவில்லை.

மீண்டும் செவ்வாய்க்கு வருவோம். 1997 ஜூலை 4ஆம் நாள் பாத்ஃபைண்டர் இறங்கியபோது வீட்டுக் கணினிகளில் இணையம் வந்துவிட்டது. சுற்றுக்காட்சியைச் சுட்டியால் இழுத்துத் திருப்பிப் பார்க்கும் நுட்பமும் இரண்டாண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. பார்ப்பவர் தாமே திருப்பும் படத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சட்டகம் இட்ட படத்தில் வெளியே விட்டதை எவரும் கேட்பதில்லை. திருப்பக்கூடிய படத்திலோ மேலே என்ன, கீழே என்ன, முதுகுக்குப் பின் என்ன என்று விரல் கேட்டுக்கொண்டே இருக்கும். விடை இல்லாத இடம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பைப் பொறுக்க முடியாமையே ஊடாடும் சுற்றுக்காட்சியின் சிக்கல் முழுவதும்.

2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் இறங்கியது. அதன் கருவிகள் பாறைகளைப் படமெடுக்க அனுப்பப்பட்டவை. ஒன்றுமில்லாத வானத்தை முழுதும் எடுத்து அனுப்ப அதற்கு நேரமும் இல்லை, செய்தி அனுப்பும் வசதியும் அளவானது. எஸ்தோனிய ஒளிப்படக் கலைஞர் ஆண்ட்ரூ போட்ரோவ், நாசா பொதுவில் வைத்த படங்களை இணைத்து, நாற்புறமும் திருப்பிப் பார்க்கும் சுற்றுக்காட்சியை உருவாக்கினார். உலகெங்கும் மக்கள் அதில் செவ்வாயைச் சுற்றி வந்தார்கள். அதில் வானத்தை அவரே நிரப்பினார். மறுஆண்டு அவர் 407 படங்களை இணைத்து 400 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட இன்னொன்றையும் தந்தார்; அந்த உழைப்பு எளிதன்று. தஞ்சையில் டிரைப் தூரிகையால் செய்ததை, 154 ஆண்டுகள் கழித்து, இவர் கணினியில் செய்தார் என்பதே நம் கண்ணில் படுவது. இரண்டு இடத்திலும் கருவி எட்டாத பகுதி வானம்; இரண்டு இடத்திலும் பார்ப்பவர் முதலில் நம்புவதும் வானத்தையே.

நிறத்தைப் பற்றிய வழக்கு இதைவிட நுட்பமானது. 2013 மார்ச்சில் நாசா ஷார்ப் மலையின் காட்சியை வெளியிட்டபோது ஒரு வடிவத்தோடு நிறுத்தவில்லை. கருவி பதிவு செய்தபடியே ஒன்று. பூமியின் பகலொளியில் அப்பாறைகள் எப்படித் தோன்றுமோ அப்படி நிறம் திருத்தியது மற்றொன்று. திருத்திய படத்தில் வானம் நீலமாகத் தெரியும். 1976இன் நீலம் மீண்டும் வந்துவிட்டதே என்று தோன்றலாம். ஆனால் இம்முறை அது தெரிந்தே செய்தது, காரணமும் இருந்தது. நிலவியலாளர் பூமியின் ஒளியில் பாறைகளைப் பார்த்துப் பழகியவர்கள். அந்த ஒளியில் காட்டினால்தான் எது எவ்வகைப் பாறை என்று அவர்கள் கண் கண்டுகொள்ளும். வானத்தின் நிறம் மிகையாக நீலமாகிறது என்பதையும் படக்குறிப்பிலேயே எழுதிவைத்தார்கள். செவ்வாயில் உண்மையாகவே நீலம் தோன்றும் நேரம் ஒன்றும் உண்டு. அங்கே கதிரவன் மறையும்போது அதைச் சுற்றி நீலநிற ஒளிவட்டம் எழும். 2005 மே 19ஆம் நாள் ஸ்பிரிட் ஊர்தி எடுத்த மாலைக்காட்சி இதற்குப் புகழ்பெற்ற சான்று. நம் அந்திக்கு நேர்மாறான அந்த அந்தியைக் கண்ட சிலர் அதுதான் பொய்ப்படம் என்று நினைக்கிறார்கள். ஜாம்பிப் பெண்ணுக்கு நேர்ந்ததே ஸ்பிரிட்டுக்கும் நேர்ந்தது.

அளவுகோலும் அழுக்காகும் என்பதை இடையே ஒரு செய்தியாகச் சொல்லவேண்டும். ஊர்தியின் மேலுள்ள வண்ண அட்டைமீது செவ்வாயின் தூசி நாள்தோறும் படிகிறது. சிவந்த தூசி படிந்த வெள்ளையை வெள்ளை என்று கொண்டால் எல்லா நிறமும் பிறழும். எனவே அட்டைக்குள் சிறு காந்தங்களைப் பதித்தார்கள். அத்தூசி காந்தத்தால் ஈர்க்கப்படுவது; காந்தத்தின் விளிம்பில் திரண்டு, நடுவே ஓர் இடத்தைத் தூய்மையாக விட்டுவைக்கும். அந்தச் சிறு வட்டத்தை நம்பியே கோடிக்கணக்கான படப்புள்ளிகளின் நிறம் முடிவாகிறது.

இதில் தமிழர் பங்கும் உண்டு. மயில்சாமி அண்ணாதுரை திட்ட நெறியாளராகவும் சுப்பையா அருணன் திட்ட இயக்குநராகவும் பணியாற்றிய மங்கள்யான் 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அதிலிருந்த வண்ண ஒளிக்கருவி ஒன்றேகால் கிலோ எடையுடையது; நிறங்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். சுற்றுப்பாதை மிக நீண்ட நீள்வட்டமாக இருந்ததால், தொலைவிலிருந்து கோள் முழுவதையும் ஒரே சட்டகத்துள் காண முடிந்தது. செப்டம்பர் 28ஆம் நாள் ஏறத்தாழ 74,500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் செவ்வாய் உருண்டையாக, வடபாதியில் எழுந்த தூசிப்புயலோடு தெரிகிறது. அருகில் சுற்றும் கலங்கள் தரும் முழுக்கோள் படங்கள் பல துண்டுகளை ஒட்டியவை. வெவ்வேறு நாள்களின் வானிலை அவற்றில் கலந்திருக்கும். மங்கள்யான் தந்த உருண்டையில் ஒட்டு இல்லை. நுணுக்கம் குறைவு, ஆனால் அது ஒரே கணத்தின் செவ்வாய்.

மறுகோடியில், 2021 நவம்பர் 16ஆம் நாள் கியூரியாசிட்டி ஒரே இடத்திலிருந்து காலை 8:30 மணிக்கும் மாலை 4:10 மணிக்கும் இரண்டு சுற்றுக்காட்சிகளை எடுத்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து, நீலமும் செம்மஞ்சளும் பச்சையும் ஊட்டி, அஞ்சலட்டை போன்ற ஒரு படத்தை நாசா வெளியிட்டது. காலையும் மாலையும் ஒரே வானில் இருக்கும் அப்படம் மிக அழகானது. கலைஞரின் பார்வை என்றே அதற்குக் குறிப்பும் எழுதினார்கள். குறை சொல்ல நமக்கு எதுவுமில்லை. ஆயினும் படம் கைக்குக் கை மாறும்போது குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. தமிழில் பரவும்போது பெரும்பாலும் குறிப்பே மொழிபெயர்க்கப்படுவதில்லை. ‘செவ்வாயின் அழகிய காட்சி’ என்னும் மூன்று சொற்களோடு அது சுற்றிவருகிறது.

இதை ஒரு மொழிச் சிக்கலாகவும் நாம் காண்பதற்குக் காரணம், இச்சிக்கல் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதுதான். பழைய சிராங்கூன் சாலையை ஊடாடும் சுற்றுக்காட்சியாக மீட்டமைத்து மாணவர்க்குக் காட்டவேண்டும் என்று ஒருவர் முயன்றால் அவர் கையில் என்ன இருக்கும்? கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் சில. வண்ண அஞ்சலட்டைகள் சில. அக்கால அஞ்சலட்டைகளில் பலவற்றின் வண்ணம், ஊரைக் கண்டிராதவர்கள் தொலைதூர அச்சகங்களில் ஏற்றியது. அங்கும் வானம் அவர்கள் தந்ததே. எருமைக் கொட்டில்கள் இருந்தன என்பதற்குக் கெர்பாவ் சாலையின் பெயர் சான்று. கொட்டிலின் கூரை ஓலையா தகரமா என்பதற்கு ஒவ்வோர் இடத்திலும் சான்று இல்லை. கடைப் பலகையில் தமிழ் எழுத்து மங்கலாகத் தெரியும். அதைத் தெளிவாக்கும் கணினி, மங்கிய கோட்டிலிருந்து தானே ஒரு பெயரை எழுதிவிடும். அந்தப் பெயரில் ஒரு கடைக்காரர் இருந்ததே இல்லை என்று பிறகு எவர் சொல்லப்போகிறார்? தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்லிலிருந்து எழுத்தெழுத்தாக எடுத்த மொழி இது.

ஆதலால் நாம் முன்வைப்பது சிறியது. திருப்பிப் பார்க்கும் படம் எதுவாயினும், அது செவ்வாயாயினும் சிராங்கூன் சாலையாயினும், பார்ப்பவர் விரல் வைத்த இடத்தில் மூன்று தமிழ்ச் சொற்களுள் ஒன்று தோன்றட்டும்: பதிவு, திருத்தம், சேர்ப்பு. கருவி கண்டது பதிவு. கண்டதன் நிறமோ பொருத்தோ மாற்றப்பட்டது திருத்தம். காணாததை வைத்து நிரப்பியது சேர்ப்பு. லண்டன் பனோரமாக்காரர்கள் தம் ஓவியங்களில் யார் யார், எது எது என்று எண்ணிட்டு விளக்கும் தாளைப் பார்வையாளர் கையில் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு வரி இது.

இச்சொற்களை நாம் முன்னர்க் கண்ட படங்களில் பொருத்திப் பார்த்தோம். வைக்கிங்கின் நீல வானம் திருத்தம், அதுவும் தவறிய திருத்தம். அஞ்சலட்டையின் பச்சை, சேர்ப்பு. கெர் போர்ட்டரின் 120 அடியில் பதிவு என்று எழுதத்தக்க இடம் கிடைக்கவில்லை. டிரைப்பின் பெரிய கோயில் படத்தில் விமானம் பதிவு, முகில் சேர்ப்பு, மர இலைகள் சில இடங்களில் திருத்தம். மூன்றும் ஒரே தாளில். 19 அடிக் கல்லெழுத்துப் படத்தில் பொருத்து விழுந்த 20 இடங்களில் மட்டும் நம் விரல் சற்றுத் தயங்கியது.